அருவிக்குப் போன வண்டி கிராம சபையில் நின்றது

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கல்வராயன் மலை அருவிக்குக் கூட்டிப்போவதாக மகளிடம் சொல்லியிருந்தேன். அக்டோபர் 2 விடுமுறை. எங்கள் கிராமத்திலிருந்து திண்டிவனம் வந்து, காலை 5.30க்குப் பஸ் ஏறி, 8.30க்குக் கள்ளக்குறிச்சியில் இறங்கினோம். மலைக்குப் போய்வரக் கார் பேசினேன், 2,800 ரூபாய். பேரம் பேசுவதில் நான் புலி. கார்க்காரர் முதலில் கேட்டதே 2,700தான் என்று மகள் பிறகு சொன்னாள்.

ஓட்டுநர் ஏழுமலை மலைக்காரர். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சார், ஒரு பத்து நிமிசம். எங்க ஊர்ல கிராம சபை. கையெழுத்து போட்டுட்டு வந்துர்றேன். ஓடைக்குப் பாலம் கேட்டுத் தீர்மானம் போடணும். போன மழையில வலி எடுத்து, என் வூட்டுக்காரிய கட்டில்ல வச்சுத் தூக்கிக்கினு தாண்டினோம். போன தபா ஆள் கம்மின்னு கூட்டத்தையே தள்ளிட்டாங்க.”

10.50க்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். இருநூறு பேர் வேண்டும். ஏழுமலையின் கையெழுத்தையும் சேர்த்து நோட்டில் 184தான். பாதி ஊர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தது, மீதி மரவள்ளிக் காட்டில். நமக்குத்தான் உதவும் மனசு ஜாஸ்தியாயிற்றே, பேனாவை எடுத்தேன். ஊராட்சிச் செயலர் தடுத்தார்.

“இன்னா சார் பண்றீங்க? இந்த ஊரு ஓட்டர் லிஸ்ட்ல உங்க பேரு இருக்குதா?”

“எங்க ஊர்ல இருக்குங்க.”

“அப்ப அங்க போய்ப் போடுங்க. அங்கயும் இன்னிக்குத்தான் கூட்டம்.”

எம்.பி., எம்.எல்.ஏ., ஊராட்சித் தலைவர் என்று எல்லாத் தேர்தலிலும் தவறாமல் ஓட்டுப் போட்டிருக்கிறேன். விரலில் மை வைத்ததும் நம் வேலை முடிந்தது என்று நினைத்தவன். மகள் விளக்கினாள். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் நாம் அனுப்பியவர்கள் உட்காருகிறார்கள். கிராம சபைக்கு அப்படி யாரையும் அனுப்ப முடியாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் உறுப்பினர். பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறதாம். அன்றைக்கு நான் லீவு போலிருக்கிறது.

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். “எறங்குப்பா” என்றாள்.

காலி வண்டி காட்டுப் பக்கம் பறந்தது. இரண்டு நடையில், காலில் ஒட்டிய செம்மண்ணோடு பதினாறு பேர் வந்து சேர்ந்தார்கள். மணி 12.40. கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் ஏழுமலையின் மனைவி. இடுப்பிலிருந்த குழந்தை பேனாவைப் பிடித்து இழுத்தது.

“இரும்மா, உனுக்கு இன்னும் பதினேழு வருசம் இருக்குது” என்றார் செயலர்.

பாலத் தீர்மானம் வாசித்ததும் எல்லாரும் கை தூக்கினார்கள். ஏழுமலை இரண்டு கையையும் தூக்கினார்.

தீர்மானம் இனி ஊராட்சி ஒன்றியத்துக்குப் போக வேண்டும். பாலம் எப்போது வரும் என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

“அது தெரியாது சார். ஆனா நீங்க கேக்கவே இல்லன்னு இனிமே எவனும் சொல்ல முடியாது.”

கூட்டம் முடிய மணி மூன்றாகிவிட்டது, அருவிக்கு நேரமில்லை. கோமுகி அணையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். நீங்கள் போவதானால் கிராம சபை நாளில் மலைக்கு வண்டி பேசாதீர்கள். அருவி மறுநாளும் விழும். அன்றைக்கு உங்கள் ஊரில் இருங்கள்.

எங்கள் ஊர்க் கூட்டம் ஆள் இல்லாமல் தள்ளிப்போனதாக மறுநாள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். “யாருக்குய்யா அக்கறை இருக்கு?” என்று கேட்க வாய் திறந்தேன். பால் வாங்க வந்த மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். டீயைக் குடித்துவிட்டேன்.