படுக்கிற நேரத்துச் சொட்டு மருந்து

கண்ணாடியைக் கழற்றினால் என் உலகம் ஒரு முழத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் எல்லாம் ஊகம்தான். ஒருநாள் புத்தளத்து உப்பளப் பக்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நடந்தவன், தென்னோலைக் கிடுகு போட்டு மூடியிருந்த உப்புக் குவியல் ஒன்றுக்கு ஸலாம் சொல்லிவிட்டேன். பதில் வரவில்லை. இந்த மனுசனுக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று கோபமும் பட்டேன். கூட வந்த என் மனைவி அந்தக் கதையைச் சொல்லாத கலியாண வீடு எங்கள் பக்கத்தில் இல்லை.

என் கண்ணை வைத்து ஊர் சிரிக்கலாம், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அதே கண் மகளுக்கும் வந்தபோது சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஒன்பது வயது. ஒவ்வொரு முறை பரிசோதிக்கும்போதும் கண்ணாடி ஒரு படி தடித்தது. இந்த வேகத்தில் போனால் பெரிய வகுப்புக்கு வருமுன்பே என்னை முந்திவிடுவாள். பிள்ளை வாப்பாவை முந்துவது நல்லதுதான், ஆனால் இதிலா?

முதலில் நான் என் சொந்த வைத்தியத்தில் இறங்கினேன். கண்ணுக்குச் சோம்பல் பழக்கக்கூடாது என்று சொல்லி, எழுதிக் கொடுத்ததைவிடக் குறைந்த பவரில் கண்ணாடி செய்து போட்டேன். புத்தளம் டவுனில் இருக்கும் கண் டொக்டர் அம்மா அதைக் கண்டுபிடித்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஏசுவதற்கும் அது போதும். அண்ணன் என்ற அர்த்தத்தில் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, இந்த வேலய பிள்ளைகள்ல செஞ்சு பாத்து ஆராய்ச்சியே பண்ணிட்டாங்க. பவர குறைச்சுப் போட்டா கண் கெடுறது நிக்காது. பிள்ளைக்கு போர்ட் தெரியாம போறது தான் மிச்சம்."

பிறகு பொறுமையாக விளக்கினார். குறும்பார்வைப் பிள்ளைகளுக்குக் கண்ணின் உருண்டை பின்பக்கமாக நீண்டுகொண்டே போகும். நீள நீள உள்ளே இருக்கும் மெல்லிய திரை இழுபடும். மிகவும் நீண்டுவிட்டால் வளர்ந்த பிறகு கண்ணாடியாலும் தீராத தொல்லைகள் வரலாம். வந்த குறையைத் திருப்ப முடியாது, வேகத்தைத் தணிக்கலாம். தினமும் வெளிச்சத்தில், வெட்டவெளியில் விளையாட வேண்டும். புத்தகத்தை மூக்கில் ஒட்டாமல் பிடிக்க வேண்டும். அதோடு அட்ரோபின் என்ற சொட்டு மருந்து. தண்ணீர் போல மிகவும் ஐதாக்கியது. இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு, தினமும் படுக்கிற நேரம்.

"நீங்களா நிப்பாட்ட வேணாம். நிப்பாட்டினா கண் திரும்ப ஓட்டம் பிடிக்கும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கடலேரிக் களப்புக் கரையில் ஓட்டமும் சைக்கிளும். இரவில் நான் மருந்து விடுவேன். தொடக்கத்தில் சில சொட்டு மூக்குக்கும் ஒன்று காதுக்கும் போனது உண்மை. பிறகு கை பழகிவிட்டது.

அப்போதுதான் நோன்பு வந்தது.

நோன்பு மாதத்தில் பள்ளிக்கூடம் லீவு. எங்கள் வீட்டில் நித்திரையும் இடம் மாறிவிடும். இரவுத் தொழுகை தராவீஹ் முடிந்து வந்து கொஞ்சம் கண்ணயர்வது, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்புவது, சாப்பிட்டு அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்தால் வெயில் ஏறும்வரை நல்ல நித்திரை. இதில் எது 'படுக்கிற நேரம்'? நானே கேள்வி கேட்டு நானே பத்வாவும் கொடுத்தேன். முதலாவது படுக்கை சஹருக்குக் காத்திருப்பது, இரண்டாவதுதான் படுக்கை. மகளும் பிடிவாதமாகச் சில நோன்பு பிடித்தாள். கண்ணில் மருந்து விட்டால் நோன்பு முறியாது என்று எங்கள் மௌலவி சொல்லியிருந்தும், ஒரு பேணுதலுக்காக, சுபஹ் பாங்குக்கு முன்னால் விட்டுவிடுவேன். மார்க்கத்தையும் மருத்துவத்தையும் ஒரே சொட்டில் சமாளித்த பெருமை எனக்கு.

கொஞ்ச நாளில் பிள்ளை முறைப்பாடு சொல்லத் தொடங்கினாள். முற்றத்துக்குப் போனால் வெளிச்சம் குத்துகிறது என்றாள். களப்புக் கரைக்குக் கூட்டிப்போனால் தண்ணீரின் பளபளப்புக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தன் உம்மாவிடம் குர்ஆன் ஓத உட்கார்ந்தால் அரபு எழுத்து 'தே'யைப் பார்த்து, கீழே ஒரு புள்ளி வைத்த 'பே' என்றாள்.

"புள்ள, மேல ரெண்டு புள்ளி இரிக்கிது பாருங்க" என்றாள் உம்மா.

"தெரியல்ல உம்மா. புள்ளியெல்லாம் கரைஞ்சு போவுது."

மனைவி குர்ஆனை மூடி முத்தமிட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இஞ்ச பாருங்க. இதுவரைக்கும் தூரம் தான் தெரியாம இரிந்திச்சி. இப்ப கிட்டவும் தெரியாதாம். அந்த மருந்த இண்டையோட நிப்பாட்டுங்க."

"நிப்பாட்ட வேணாமெண்டு டொக்டர் சொன்னாவே."

"புள்ளட கண் போற நேரத்தில டொக்டர் சொன்னதப் பாக்கிறதா?"

என்னிடம் பகிடி ஒன்றும் மிச்சமில்லை. நிறுத்தினால் கண் ஓட்டம் பிடிக்கும், விட்டால் புள்ளி கரையும். இரண்டு பக்கமும் பிள்ளையின் கண். மறுநாள் காலையிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினேன். வழியில் உப்பளம் வந்தபோது அந்த வெள்ளையைப் பார்க்க முடியாமல் அவள் என் சேர்ட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். 

டொக்டர் அம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"கருமணி விரிஞ்சு தான் இருக்கு. மருந்து படுக்கிற நேரம் தானே விடுறது?"

"ஓம் டொக்டர். படுக்கிற நேரம் தான்."

"ஒரு சொட்டு தானே?"

"ஒரே சொட்டு தான்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். மருந்துப் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.  பிறகு மகளின் பக்கம் திரும்பி, "துவ, நேத்து எப்ப படுத்தீங்க?" என்று, சிங்களத்தில் 'மகளே' என்ற பாசத்தோடு கேட்டார்.

"சஹர் சாப்பிட்டு, வாப்பா மருந்து விட்டு, சுபஹ் தொழுதிட்டுத்தான் படுத்த."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தேன். அதன் பெரிய எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"நானா! விடியிற நேரத்தில மருந்து விட்டா அது கருமணிய விரிச்சு கிட்டப் பார்வைய கலக்கிறது பகல்லதானே? ராத்திரி விட்டா பிள்ளை நித்திரையில இருக்கும்போதே கூடுதலா அடங்கிரும். நீங்க சூரியனோட சேத்து எழுப்பி விட்டிருக்கிறீங்க!"

அவர் சிரிக்கத் தொடங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. கண்ணுக்கு ஒரு கெடுதியும் இல்லை, நேரத்தை மாற்றினால் ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றார். வந்ததோடு கண்ணின் நீளத்தையும் அளந்துவிடுவோம் என்று மகளின் மோவாயை ஓர் இயந்திரத்தில் வைக்கச் சொன்னார். திரையில் வந்த கோடுகளைப் பழைய கோடுகளோடு ஒப்பிட்டார். நான் என் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். எனக்கு அது மழைக்கு முந்திய எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

"நல்லம்," என்றார். "போன வருஷம் ஓடின ஓட்டம் இல்ல. கொஞ்சம் தான் நீண்டிருக்கு, இந்த வயசுக்கு அது பரவாயில்ல. கண்ணாடி மாத்தத் தேவையில்ல. ஆனா மருந்தும் வெளி விளையாட்டும் தொடரணும், அடுத்த முறையும் அளந்து பாப்போம்."

வெளியே வந்ததும் மனைவிக்கு போன் எடுத்தேன். மணி அடிக்குமுன்பே தூக்கினாள்.

"என்ன சொன்னா?"

"கண்ணுக்கு ஒண்டுமில்ல. மருந்து வேல செய்யிதாம். அதே கண்ணாடிதான்."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தேன். உப்புக் காற்று என்று மகளிடம் சொன்னேன்.

"அப்ப ஏன் புள்ளி கரைஞ்ச?"

உடனே மகள் போனைப் பறித்து முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். போன் திரும்ப என் கைக்கு வந்தபோது மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். பல நாளாகக் கேட்காத சிரிப்பு. இனி எத்தனை கலியாண வீட்டுக்கு இது போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும்.

"இண்டையிலிருந்து தராவீஹ் முடிஞ்ச உடன நான் விடுறன் மருந்து," என்றாள். "நீங்க அந்தப் பக்கமே வரப்படாது."

"சரி" என்றேன், வாழ்க்கையில் முதல்தடவையாக மறுபேச்சில்லாமல்.