பின்ச் தெருவில் சூரோ அரசனின் பிள்ளைகள்

தொண்ணூற்றாறாம் ஆண்டு செப்டெம்பர் கடைசி வெள்ளி, காலை ஆறரை மணி. நானும் சிவம் அண்ணையும் புளோர் தெருவில் கோப்பை கழுவும் கொரிய உணவகத்திலிருந்து புறப்பட்டோம். இரவு முழுக்க நின்ற கால்கள். கையில் ஆளுக்கொரு அலுமினியத் தட்டு. உள்ளே பைன் இலைகளின்மேல் அவித்த அரிசிமாப் பலகாரம். அன்று கொரியர்களின் முழுநிலாப் பண்டிகை. சமையல்காரர் கிம்மின் வீட்டுப் பானை சிறியது. அதனால் கடையில் அவித்து வைத்துவிட்டு, "கொண்டுவந்து தாருங்கள், சாப்பிட்டுப் போகலாம்" என்று சொல்லிப் போயிருந்தார்.

கிறிஸ்டி சுரங்கரயில் நிலையத்தில் சீட்டு ஆளுக்கு இரண்டு டொலர். யங் தெருவில் மாறி, வடக்கே கடைசி நிலையமான பின்ச் வரை முக்கால் மணிநேரம். தட்டுச் சரிந்துவிடும் என்று தூங்கவும் முடியவில்லை.

சிவம் அண்ணை தட்டை மூடியிருந்த தாளைத் தூக்கிப் பார்த்தார். "எட, உது எங்கட கொழுக்கட்டையெல்லோ! பிள்ளையார் அறிஞ்சால் வழக்குப் போடுவார்."

"மூடுங்கோ அண்ணை. படைக்கமுதல் தொட்டால் மனுசன் எங்களைக் கலைச்சுப்போடும்."

"நானென்ன திண்டனானே? பாத்தனான்."

ஏழரை மணி. கிம் வசிக்கும் மாடிக்கட்டடத்தின் வாசலில் அவருடைய மகள் மினா நின்றாள். தெருவோரம் நின்ற சாம்பல்நிறக் காரைக் காட்டி, "அதில் இருப்பவன் பெயர் ஹொ. அவனைக் கட்டப்போகிறேன். இன்று அப்பாவிடம் கேட்பேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மறுத்தால்?" என்று கேட்டேன்.

"இன்றைக்கே அவனோடு வன்கூவர் போகிறேன். என் பெட்டி காருக்குள் இருக்கிறது."

மேலே படையல் மேசை. சிவப்புப் பழங்கள் கிழக்கே, வெள்ளை மேற்கே. யன்னல் பக்கத்தை வடக்கு என்று வைத்துக்கொண்டு கிம் திசை பிரித்திருந்தார். பாட்டன் பூட்டன் பெயர் எழுதிய தாளின் முன் நெற்றி தரையில் பட வணங்கினார். பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

மினா கொரிய மொழியில் கேட்டாள். எனக்குப் புரிந்தது ஹொ என்ற பெயர் மட்டும். கிம் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஈராயிரம் வருடங்களுக்கு முன் கொரிய மண்ணில் கயா நாட்டைச் சூரோ அரசன் ஆண்டார். கடல் கடந்து வந்த இளவரசியைக் கட்டினார். பிள்ளைகளில் இரண்டு பேர் தாயின் குடும்பப் பெயரை எடுத்தார்கள், அது ஹொ. மற்றவர்கள் கிம். நாங்கள் அந்தக் கிம். அவன் அந்த ஹொ. அண்ணனும் தங்கையும் கட்டலாமா?"

"அந்த நாடே இப்போது இல்லையே அப்பா" என்றாள் மினா.

சிவம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "நான் என்ர அம்மான்ர மோளைத்தான் கட்டினனான். எங்களுக்கு அதுதான் முறை. அவருக்குச் சொல்லடா."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"தாயோடு கூடப்பிறந்தவரின் மகளா?" என்று கேட்டார் கிம்.

"ஓம்" என்றார் சிவம் அண்ணை பெருமையாக.

கிம் மகளைப் பார்த்தார். "கேட்டாயா? குலமுறையைக் காக்காவிட்டால் இப்படித்தான் முடியும்."

அதன் பிறகு யாரும் சாப்பிடவில்லை. "நான் நல்லதுக்குத்தானேடா சொன்னனான்" என்று சிவம் அண்ணை என் காதில் முணுமுணுத்தார். மினா எழுந்து படையலை ஒருமுறை வணங்கி, கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

கிம் யன்னலால் கீழே நின்ற காரைப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டியில் பலகாரமும் மீனும் பேரிக்காயும் நிரப்பி என்னிடம் தந்தார். "அவனிடம் கொடு. அவனும் சூரோவின் பிள்ளை. படையலில் அவனுக்குப் பங்கு உண்டு."

கீழே கார் இயங்கியபடி நின்றது. ஹொ இரண்டு கைகளாலும் பெட்டியை வாங்கினான். கிம் சொன்னதைச் சொன்னேன்.

"அப்படியென்றால் அண்ணனுக்குத்தான் அனுப்பியிருக்கிறார், எனக்கில்லை" என்று சொல்லிக்கொண்டே மினா மூடியைத் திறந்தாள். பலகாரத்தின்மேல் இரண்டு சோடிக் குச்சிகள் இருந்தன. அவள் ஒரு சோடியை எடுத்துக்கொண்டாள்.

கார் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. நாங்கள் பின்ச் நிலையத்துக்கு நடந்தோம். எங்கள் ஊரில் ஓடிப்போன பெண்ணுக்குத் தலைமுழுகியவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். சாப்பாடு கட்டிக் கொடுத்தவரை அன்றுதான் கண்டேன்.