அப்பாவின் படகு மோட்டார்கள்

பெட்ரோலில் ஆயில் கலந்து எரியும் புகைக்குத் திகட்டலான ஓர் இனிப்பு வாசனை உண்டு. கம்பம் ஊரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், தண்ணீர் நிரப்பிய டிரம்மின் விளிம்பில் படகு மோட்டாரை மாட்டி அப்பா கயிற்றை இழுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த வாசனை காயப்போட்ட துணிகளில்கூட ஏறிவிடும்.

அப்பா தபால் அலுவலக எழுத்தர். சுற்றிலும் மலையும் திராட்சைப் பந்தலுமான ஊரில் அவருக்கு எப்படி இந்த ஆசை பிடித்ததென்று யாருக்கும் தெரியாது. காயல் படகுகளிலிருந்து கழற்றிப்போட்ட பழைய மோட்டார்களைக் குமுளியின் இரும்புக் கடைகளில் தேடிப்பிடித்து, ஜீப்பில் ஏற்றி வருவார். துரு நீக்கி, வர்ணம் பூசி, ஓடவைக்கப் பார்ப்பார். தெருவில் அவருக்குக் "கப்பல்காரர்" என்றே பெயர்.

அவற்றில் மிகப் பழையது, பித்தளை டேங்கும் உச்சியில் கயிறு சுற்றி இழுக்கும் கனத்த சக்கரமும் கொண்ட ஒன்று, ஆறு மாதமாக ஓட மறுத்தது. பிளக்கில் நெருப்புப்பொறி வந்தது, பெட்ரோலும் இறங்கியது, ஆனாலும் ஓடவில்லை. ஒருநாள் சக்கரம் எதிர்ப்பக்கமாக உதைத்துக் கயிற்றைச் சுண்டியதில் அப்பாவின் விரல் நகம் பெயர்ந்துவிட்டது. "இத எடைக்குப் போட்டுரலாம்" என்று சொல்லிவிட்டு அவர் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்தாள். எனக்கு அப்போது பதினொரு வயது, பள்ளி விடுமுறை.

"இங்கன வாடி. தையல் மிஷின்ல ஊசி எறங்குற நேரமும் கொக்கி சுத்துற நேரமும் பொருந்தலேன்னா நூல் அறுந்துரும்ல? இதுலயும் நெருப்பு நேரங்கெட்டு வருது போல."

நான் பிடித்துக்கொள்ள, அம்மா சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரத்தையும் தண்டையும் சேர்த்துப் பூட்டுகிற, நகமளவே உள்ள அரைநிலா வடிவ இரும்புத்துண்டு, "சாவி" என்பார்கள், பாதி அறுந்து, சக்கரம் இடம் பெயர்ந்திருந்தது. அம்மா அதை முந்தியில் முடிந்துகொண்டு லேத் பட்டறைக்கு நடந்தாள். அதேபோல் இரண்டு செய்து வாங்கி வந்து, ஒன்றைப் பொருத்தி, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பழையபடி மூடிவிட்டாள்.

"அப்பாட்ட சொல்லிராத. ஆறு மாசமா மல்லுக்கட்டியிருக்காக. அவுக கையால ஓடுனதா இருக்கட்டும்."

அன்று மாலை, கடைசியாக ஒரு தடவை என்று புது பிளக் மாட்டி அப்பா இழுத்தார். டிரம்மில் தண்ணீர் கொந்தளித்தது. "பாத்தியா, பிளக்குதான் கோளாறு!" என்று அவர் கத்திச் சிரித்தார், அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அம்மா உலை வைக்கப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு, வைகை அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த நண்பரின் மரப்படகில் அதை மாட்டி, அம்மாவையும் என்னையும் உட்காரவைத்து அப்பா ஓட்டினார். கரை சின்னதாகத் தெரிந்த இடத்தில், தண்ணீருக்குள் கிடந்த மரக்கட்டையில் மோதி மோட்டார் நின்றது. அப்பா இழுத்தார், திருப்பி உதைத்தது. பிளக்கை மாற்றினார், பழைய பிளக்கையே மறுபடி மாட்டினார். காற்று எங்களை இன்னும் உள்ளே தள்ளியது. துடுப்பு ஒன்றுதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்ற பயமும் கூடவே வந்தது.

"பிளக்கு இல்லைங்க. சக்கரத்தக் கழத்தணும்" என்றாள் அம்மா. "ஒரு நட்டு தண்ணிக்குள்ள விழுந்தா அம்புட்டுத்தான். முந்திய விரிச்சுப் பிடிடி."

நான் பிடிப்பதற்கு முன், அம்மா அந்த முந்தியின் முடிச்சை அவிழ்த்து இரண்டாவது சாவியை எடுத்தாள். அப்பா அதையே பார்த்தார்.

"அன்னைக்கும் நீதானா?"

"ம்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கு அப்படிச் சிரிச்சிருப்பீகளா?"

அம்மா சாவியை மாற்றிச் சக்கரத்தை மாட்டி முடித்ததும், அப்பா கயிற்றை அவள் கையில் கொடுத்தார். இரண்டாவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது.

கரையில் நண்பர், "வேலைய விட்டுட்டுப் பட்டறை போட்டுரலாமேப்பா" என்றார். ஓடவைத்தது அம்மா என்று அப்பா சொல்வாரென அவர் வாயையே பார்த்தேன். சிரித்தார், அவ்வளவுதான். அம்மா காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பாவுடன் நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா தன் டூல்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து தையல் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு வந்த மோட்டார்களையெல்லாம் திறந்தவள் அம்மா. துரு தேய்த்ததும் வர்ணம் பூசியதும் அப்பா. ஆனால் வெளியாட்களிடம் கடைசிவரை அவர் அதைச் சொன்னதில்லை. அது அம்மாவுக்கு வலித்ததா என்று நான் கேட்டதுமில்லை.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் பழைய மோட்டார்கள் சேகரிக்கும் ஒருவர் கொச்சியிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, யார் இப்படிச் செய்தது என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரவுகதான்" என்றாள் அம்மா.

"இல்ல சார். அம்மாதான்" என்றேன்.

அவர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். முதலில் தயங்கிய அம்மா அரைமணி நேரம் பேசினாள். பிறகு பதினொரு மோட்டார்களும் வேனில் ஏறிப் போயின. இப்போது படகு மோட்டார்களுக்குப் பொத்தானை அழுத்தினால் போதுமாம். டிரம் இருந்த இடத்தில் என் கார் நிற்கிறது. கொல்லையில் காயும் துணிகளில் சோப்பு வாசனை மட்டும்தான்.

மோட்டார்கள் போன அன்று சாப்பிடும்போது, "எதுக்குடி சொன்ன?" என்று அம்மா கடிந்துகொண்டாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அந்த ஆளு கேட்டதுக்கெல்லாம் நான் சரியாத்தானடி சொன்னேன்?"