புருத்தோ, ஸ்போர்க்கோ, தூ தூ தூ

இத்தாலி மொழி எனக்குக் கருவாட்டு நாற்றத்தோடுதான் அறிமுகமானது. ஊர்காவற்றுறையில் ஒரு கடைக்குப் பின்னால் இருந்த அறையில், இத்தாலிக்கு வீட்டு வேலைக்குப் போக இருக்கிறவர்களுக்கு மாஸ்ரர் வகுப்பு நடத்தினார். ஒரு பக்கம் கரும்பலகை, மற்றப் பக்கம் கூரை முட்டக் கருவாட்டுச் சாக்கு, நடுவில் நாங்கள். அனலைதீவிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கும்போதே டீசல் புகையும் பக்கத்தில் இருந்தவர் வாயால் எடுத்த சத்தியும் என் சட்டையில் மணக்கும். அதுக்குப் பிறகு இந்த அறை.

நான் படிக்கப் போனவன் இல்லை. அக்கா படிக்கப் போனாள். தனியே வள்ளத்தில் விட அம்மாவுக்கு மனமில்லை என்றபடியால் என்னைத் துணைக்கு அனுப்பினா. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனைத் திரும்பவும் வகுப்பு வாங்கில் குந்த வைத்துவிட்டார்கள்.

மாஸ்ரர் இத்தாலியில் கனகாலம் இருந்து திரும்பியவர். பேனை மூடியால் காது குடைவார். எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு யோசனையோடு அந்த மூடியை வாயில் வைத்துச் சப்புவார். நான் பார்க்கக்கூடாது என்று நினைப்பேன். ஆனால் கண் அங்கேதான் போகும்.

அவர் படிப்பித்ததெல்லாம் குணம் சொல்லும் சொற்கள்தான். முதலில் இங்கிலீசு, பக்கத்தில் இத்தாலி. கிளீன் என்றால் புலித்தோ. டேர்ட்டி என்றால் ஸ்போர்க்கோ. பியூட்டிஃபுல் என்றால் பெல்லோ. அக்லி என்றால் புருத்தோ. வகுப்பில் பாதிப் பேருக்கு இங்கிலீசே தெரியாது.

"மாஸ்ரர், நேர தமிழில சொல்லித் தந்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"துணைக்கு வந்தவர் வாயை மூடிக்கொண்டிரும். வீட்டுக்காரர் இங்கிலீசில கேட்டா என்ன செய்யிறது?"

"அப்ப டிஸ்கஸ்டிங் எண்டதுக்கு இத்தாலியில என்ன?"

"ஸ்கிஃபோசோ."

நான் மனப்பாடம் செய்த ஒரே சொல் அதுதான். அதுக்குப் பிறகு வள்ளம் ஸ்கிஃபோசோ, அறை ஸ்கிஃபோசோ, அக்கா வைத்த பழஞ்சோறும் ஸ்கிஃபோசோ. அக்கா அகப்பையைத் தூக்கிக்கொண்டு கலைப்பாள். மற்றச் சொற்கள் எல்லாம் எனக்கு அருவருப்பாகவே இருந்தன. பொறுமையான, சுத்தமான, நேர்மையான, பலமான என்று ஒவ்வொருத்தியும் எழும்பி நின்று தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டும். மாடு விற்கிறவன்கூட மாட்டை அப்படிச் சொல்ல வைப்பதில்லை.

ஆனால் அக்கா ஒரு சொல் விடாமல் படித்தாள். இத்தாலியின் பலெர்மோவில் ஒரு அம்மா தன் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் தேடினா. அனுபவம் இல்லை என்று வேறு வீடுகள் அக்காவை ஏற்கெனவே தட்டிக் கழித்துவிட்டன. "இதுவும் பிழைச்சா நான் உமக்கு வேற வீடு பாக்க மாட்டன்" என்று மாஸ்ரர் சொல்லியிருந்தார். ஊராரின் சட்டைகளைத் தைத்துத் தைத்தே அலுத்துப்போயிருந்தவளுக்கு அந்த வீடு ஒன்றுதான் வழி.

அந்த அம்மா கேள்வி கேட்கிற நாளன்று மாஸ்ரர் தன் போனை ஒரு பால்மாத் தகர ரின்னில் சாய்த்து வைத்தார். அக்கா முன்னால் இருந்தாள். நான் கருவாட்டுச் சாக்கோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா திரையில் வந்தா. மாஸ்ரர் மொழிபெயர்க்க, அக்கா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். பொறுமை, சுத்தம், நேர்மை எல்லாம் வரிசையில் வந்து விழுந்தன. அந்த அம்மா சிரித்தா. பிறகு பிள்ளையைத் தூக்கிப் போனுக்குக் கிட்டப் பிடித்தா.

நல்ல கொழுத்த பிள்ளை. பனங்காய் மாதிரிக் கன்னம். முகம் முழுக்கத் தக்காளிச் சாறு, மூக்கில் சளி, சளிக்குமேல் தக்காளி. அக்காவின் முகம் மலர்ந்துபோனது. அடுத்த நொடி அவள் சொன்னாள்:

"புருத்தோ! ஸ்போர்க்கோ! தூ! தூ! தூ!"

எங்கள் பக்கத்தில் பாசமுள்ளவள் இப்படித்தான் செய்வாள். கொழுத்த பிள்ளையைப் பார்த்து வடிவு என்று சொன்னால் நாவூறு பட்டுவிடும். அசிங்கம், ஊத்தை என்று வைதுவிட்டு மூன்று தரம் துப்புகிறமாதிரிச் செய்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது. துப்புகிறமாதிரித்தான். ஆனால் அன்றைக்கு அக்காவுக்குப் பதற்றம். உண்மையான எச்சில் போய்ப் போன் திரையில், சரியாகப் பிள்ளையின் நெற்றியில் விழுந்து, மெல்ல வழிந்தது.

அந்த அம்மா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, "ஸ்கிஃபோ!" என்று கத்தினா. அது எனக்கு விளங்கியது.

மாஸ்ரர் எழும்பிவிட்டார். "தங்கச்சி, உமக்கு விசரே? உடன பெல்லோ எண்டு சொல்லும்! சொல்லும்!"

"ஏலாது மாஸ்ரர்."

"என்ன ஏலாது?"

"பிள்ளை நல்லாக் கொழுத்திருக்குது. நான் வடிவெண்டு சொல்லி நாளைக்கு அதுக்குக் காய்ச்சல் வந்தா?"

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. "எணேய் அக்கா, அது இத்தாலி. உன்ரை கண் அவ்வளவு தூரம் போகாது."

"போன் போகுதுதானே" என்றாள்.

மாஸ்ரர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். நான் சட்டைக் கையால் அந்த எச்சிலைத் துடைத்து, உவ்வே, போனை என் பக்கம் திருப்பினேன். எனக்குத் தெரிந்ததோ அக்கா பாடமாக்கும்போது காதில் விழுந்த சில சொற்கள். பிள்ளையைக் காட்டி "பெல்லோ, பெல்லோ" என்றேன். பிறகு என் கண்ணைக் காட்டி, பேய் மாதிரி முழித்துப் பிள்ளையை உறுத்துப் பார்த்தேன். பிறகு நெற்றியில் கை வைத்து நடுங்கி, "மலாத்தோ" என்றேன், காய்ச்சல் வருத்தம் என்று. கடைசியாக அக்காவைக் காட்டி, பைத்தியம் என்று தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றினேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

அந்த அம்மா என் முழியையே பார்த்துக்கொண்டிருந்தா. முகத்தில் இருந்த அருவருப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிள்ளையின் சட்டைக்குள் கையை விட்டு, உள்ளே ஊசியால் குத்தியிருந்த ஒரு சின்னச் சிவப்புச் சாமானை வெளியே எடுத்துக் காட்டினா. கூரான, வளைந்த சாமான்.

அக்கா துள்ளினாள். "செத்தல் மிளகாய்! அங்கையும் செத்தல் மிளகாயாலதான் நாவூறு கழிக்கினம்!"

"அது மிளகாய் இல்லை, கொம்பு" என்றார் மாஸ்ரர். "கண்ணூறுக்குத்தான் போடுறவை. நீங்கள் சிரிப்பியள் எண்டு சட்டைக்குள்ள மறைச்சு வைச்சவவாம்." அந்த அம்மா இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னா. மாஸ்ரர் பேனை மூடியை வாயிலிருந்து எடுத்தார். "பிள்ளைக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பயப்பிடுற ஆள்தான் தனக்கு வேணுமாம். உம்மை வரட்டாம்."

அக்கா அழுதாள். கைலேஞ்சி கொண்டுவராதபடியால் மூக்கை என் தோளில் துடைத்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த வகுப்பில் மாஸ்ரர் கரும்பலகையை அழித்துவிட்டு அறிவித்தார்: "இண்டைக்குப் புதுப் பாடம். வீட்டுக்காரர் பிள்ளையைக் காட்டினா என்ன செய்யிறது? அக்லி, டேர்ட்டி, பிறகு மூண்டு தரம் துப்பிறது. இது என்ரை வகுப்பில மட்டும்தான் கிடைக்கும்."

"மாஸ்ரர், எல்லா இத்தாலிக்காரரும்—" என்று நான் தொடங்கினேன்.

"நீர் நல்ல நேரத்தில வாயைத் திறந்தீர். பிள்ளையா ஒருத்தர் வேணும். முன்னுக்கு வாரும்."

என்னைக் கதிரையில் இருத்தினார்கள். யாரோ சட்டைக்கு முன்னால் ஒரு துவாயைக் கட்டிவிட்டார்கள். வகுப்பிலிருந்த பெண்கள் எல்லாம் வரிசையாக வந்து, என் கன்னத்தைக் கிள்ளி, "புருத்தோ! ஸ்போர்க்கோ! தூ! தூ! தூ!" என்றார்கள். சிலபேர் துப்புகிறமாதிரிச் செய்தார்கள். வெற்றிலை போட்டிருந்த ஒரு மாமி பாவனை ஒன்றும் காட்டவில்லை.

திரும்பும் வள்ளத்தில் கடல் தண்ணியை அள்ளி அள்ளி முகத்தைக் கழுவினேன். அக்கா பக்கத்தில் இருந்து, சிரிப்பை அடக்க ஏலாமல், என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எடேய், காதுக்குக் கீழ இன்னும் வெத்திலை கிடக்குது. ஆடாமல் இரு."

தோளில் போட்டிருந்த சோலின் நுனியைத் தன் வாயில் வைத்து எச்சிலால் நனைத்து, ஊன்றித் துடைத்துவிட்டாள்.