ஓரடி கூடிப்போன சாய்ப்பு

"ஒண்ணு கூட்டித்தான் சொல்லுவேன், பதறாதீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் முகமது ரஃபீக் டேப்பைச் சுவரில் வைப்பார். அந்த டேப்பின் முதல் அடி முறிந்துபோய் வருடக்கணக்காகிறது. மிச்சம் இருப்பது ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஏழடி வேண்டுமென்றால் எட்டில் கோடு கிழிக்க வேண்டும். புதுசு ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்காத ஆள் திண்டுக்கல்லில் இல்லை. "பழகுன டேப்புங்க. எம்புட்டுப் பொய் சொல்லும்னு எனக்குத் தெரியும். புது டேப்பு எதுல பொய் சொல்லும்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

பேகம்பூரில் அவர் வெல்டிங் பட்டறை. நெருப்புப் பொறி பட்டுப் பட்டு அவர் சட்டைகளில் பொத்தல் இல்லாதது ஒன்றுகூட இல்லை. கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த சட்டையிலும் இரண்டு உண்டு. காத்தோட்டத்துக்கு நானே போட்டது என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். கதவு, கிராதி எல்லாம் செய்வார்தான், ஆனாலும் ஊர் அவரைத் தேடி வருவது தகரச் சாய்ப்புக்கு. வீட்டுச் சுவரை ஒட்டிச் சரிவாக இறக்குகிற சாய்ப்பு. ஸ்கூட்டர் நிறுத்த, வாஷிங் மெஷின் வைக்க, மாமியார் கட்டில் போட.

சாய்ப்பு கேட்டு வருகிறவருக்கு முதலில் கிடைப்பது பாடம். "தகரந்தானேன்னு நெனைக்காதீங்க. மாநகராட்சி ஆபீஸ்ல கேட்டு, எழுதி வாங்கிட்டு வாங்க. வீட்டைச் சுத்தி விட்ட எடத்தை அடைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுச் சன்னலை மறைக்கக் கூடாது. ஆணியத் தகரத்து மேட்டுல அடிக்கணும், பள்ளத்துல அடிச்சா ஒழுகும். எல்லாத்துக்கும் மேல, ஒங்க தகரத்துல விழுகுற தண்ணி ஒங்க எடத்துலதான் விழுகணும்." இதற்குச் சரி என்று தலையாட்டாதவருக்கு அவர் தகரம் வெட்ட மாட்டார். காத்தமுத்து என்கிற பூ வியாபாரி அரை அடி கூட இழுக்கச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார் ரஃபீக்.

அவர் சொந்த வீட்டில் மட்டும் சாய்ப்பு இல்லை. மனைவி பாஸிலா ஆர்டருக்குப் பிரியாணி செய்கிறவர். தேக்சா என்கிற பெரிய பாத்திரம் இரண்டு, விறகடுப்பு இரண்டு, எல்லாம் வீட்டுக்குள்ளேயே. இருமல் வந்தது, போகவில்லை. ஒன்று புகை வெளியே போகவேண்டும், இல்லாவிட்டால் இந்த அம்மா வெளியே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஊரு பூரா மாமியாருக்கெல்லாம் நெழல் போட்ட பய, பொண்டாட்டி தலைக்கு ஒரு தகரம் போடலை. என்னைய எதால அடிக்கிறது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு போன புரட்டாசியில் வேலையை ஆரம்பித்தார்.

வீட்டுச் சுவரிலிருந்து எல்லைக் கல் வரைக்கும் எட்டடி. ஏழடிக்குத் தகரம், ஓரடி தண்ணீர் விழுவதற்கு. அப்படித்தான் ஆபீஸில் எழுதி வாங்கி வந்தார்.

அளக்கிற அன்றைக்கு வேலையாள் வரவில்லை. டேப்பின் மறுமுனையைப் பாஸிலாதான் பிடித்தார். வேண்டியது ஏழு. ரஃபீக் வழக்கம்போல ஒன்றைக் கூட்டி, "எட்டு!" என்று கத்தினார். பாஸிலா இருபது வருடமாக அந்த டேப்போடும் குடித்தனம் நடத்துகிறவர் இல்லையா? அவரும் வாயைத் திறக்காமல் ஒன்றைக் கூட்டி, ஒன்பதில் கோடு போட்டார். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் மருந்து கொடுத்த மாதிரி ஆயிற்று. அந்தக் கோட்டைப் பார்த்து ஆறு தகரத்தையும் வெட்டி, ஏற்றி, ஆணியும் அடித்தாகிவிட்டது.

பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாள்தான் முதலில் கண்டார். "ஏப்பா ரஃபீக்கு, ஒன் தகரம் எங்க வீட்ட எட்டிப் பாக்குதே?"

விளிம்பு சரியாக எல்லைக் கல்லுக்கு மேலே நின்றது. ரஃபீக் ஏணியில் ஏறி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். சறுக்கிப் பாய்ந்த தண்ணீர் நேரே செபஸ்தியம்மாள் சுவரில் போய் அறைந்தது. செம்மண் வைத்துக் கட்டிய பழைய சுவர் அது. மேலே இருக்கிற சன்ஷேடு தயவில் இத்தனை வருடம் நனையாமல் நிற்கிறது. ஒரு ஐப்பசி முழுக்க இப்படித் தண்ணீர் அடித்தால் அடியிலிருந்து கரையும்.

ஆபீஸிலிருந்து பார்வையிட வந்த தமிழ்மதி என்ற இளம் பொறியாளரும் அளந்து பார்த்தார். "பாய், எழுதினது ஏழு. இது எட்டு இருக்கே?"

"டேப்புமேல தப்பில்ல மேடம். எங்க வீட்டுல புத்தி ஒண்ணு கூடிப்போச்சு."

"வெட்டிருங்க. இல்ல, பக்கத்து வீட்டம்மாகிட்ட சம்மதம் எழுதி வாங்குங்க. மேல கேட்டுப் பாக்குறேன்."

செபஸ்தியம்மாள் அதற்குள் கையை நீட்டிவிட்டார். "குடு காயிதத்தை. அந்தப் புள்ள ராவும் பகலும் இருமுறது எனக்கும் கேக்கத்தானே செய்யிது."

"போடுறேங்கிறாங்கள்ல, வாங்கிக்கங்களேன்" என்றார் பாஸிலா. அவர் அடுப்புகளை எட்டடிக்குத் தக்கபடி பரப்பி வைத்துவிட்டார். எட்டடியைக் கண்ணால் பார்த்தவருக்கு ஏழடி பத்துமா?

"கையெழுத்து போட்டா செவரு ஊறாதா? மழை அடிச்சா அந்தக் காயிதத்தை வச்சா அக்கா செவத்தை ஒத்தி எடுப்பாங்க?" என்றார் ரஃபீக். யார் சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் ஏணியைச் சார்த்தி, தான் வெட்டிய தகரத்தைத் தானே மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

அறுக்கிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டது. பூக்கூடையோடு அந்தப் பக்கம் வந்த காத்தமுத்து வண்டியை நிறுத்திவிட்டார். "என்ன பாய், எனக்கு அரையடிக்கு அம்புட்டுப் பேசுனீக?"

"நீ படிக்கிற பயப்பா, அரையோட நின்னுட்ட. நான் வாத்தியாரு. முழுசா ஒரு அடி தப்பு பண்ணுனாத்தான் மரியாத" என்று மேலேயிருந்து சொன்னார்.

பாஸிலா ஒரு அடுப்பைச் சுவரோரம் நகர்த்தினார். "சாரல் அடிச்சா எம்முதுகுதான் நனையும்."

"நனையட்டும் பாஸிலா. ஒம்முதுகைத் தொவட்ட நான் இருக்கேன். அக்கா செவுத்துக்கு யாரு இருக்கா?"

அதற்குப் பாஸிலா சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டாம். கரண்டி கையில் இருந்தது, அவ்வளவு சொன்னால் போதும்.

ஐப்பசியின் முதல் மழை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டியது. சாய்ப்புக்குக் கீழே இரண்டு தேக்சாவும் கொதித்தன. முதுகில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பாஸிலா கிண்டிக்கொண்டிருந்தார். இருமல் சத்தம் இல்லை. ரஃபீக் அங்கே நிற்கவில்லை. குடைகூட எடுக்காமல் தெருவைச் சுற்றி ஓடி, செபஸ்தியம்மாள் வீட்டுச் சந்துக்குள் நுழைந்தார். தகரத்துத் தண்ணீர் எல்லைக் கல்லுக்கு அந்தப்புறம், அவர் இடத்திலேயே வரிசையாக விழுந்து ஓடியது. அப்படியும் மனசு நம்பாமல் குனிந்து, சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. கையை எடுத்தபோது ஐந்து விரலும் ஈரமாய்ச் சுவரில் பதிந்திருந்தன. ரஃபீக் கைலியில் நனையாத ஒரு மடிப்பைத் தேடி எடுத்து, அந்த ஈரத்தை ஒத்தி ஒத்தித் துடைத்தார்.