பிளாப்பிக்கு வைத்த சந்தனம்

பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பு கிருபாசங்கர். தொண்ணூற்றெட்டில் அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் ஏற்றுவது என்றால் கிருபாதான். ஒவ்வொரு மெஷின் முன்னாலும் உட்கார்ந்து, சிடியைப் போட்டு, அது கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் தட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்வார். லேப் முழுக்க முடிய ஒரு வாரமாகும். அந்த வாரம் முழுக்க அவருக்கு மாப்பிள்ளை உபசாரம்தான். டீகூட இருக்கிற இடத்துக்கே வரும்.

அந்த மரியாதையில் மண்ணைப் போட்டாள், அன்னூரிலிருந்து உதவியாளராக வந்த மோகனப்பிரியா. ஒரே ஒரு பிளாப்பி செய்தாள். லினக்ஸ் கேட்கும் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருந்தது. செருகி மெஷினைப் போட்டால் போதும், மீதியை அதுவே சர்வரிலிருந்து எடுத்து ஏற்றிக்கொள்ளும். அதோடு விட்டாளா? சர்வரில் இருப்பதெல்லாம் அன்றன்று எப்படி இருந்ததோ அப்படியே தேதி வாரியாக நகலாக நிற்கும்படியும் செய்தாள். மாறாத ஃபைலை மறுபடி நகலெடுக்காது, அதனால் இடமும் அடைக்காதாம்.

"ஏனுங்க சார், நேத்து அழிச்சதை இன்னைக்குத் திருப்பி எடுத்துப்போடலாமுங்க."

"நடக்கறப்பப் பாக்கலாம் அம்மணி," என்றார் கிருபா. அவர் அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் வயிறு இன்னும் எரிந்திருக்கும்.

துறைத்தலைவர் அழகிரிசாமி வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். விஜயதசமியன்று புது லேபை அந்தப் பிளாப்பியை வைத்தே தொடங்கச் சொன்னார். சரியாக ஓடினால் புது லேப் மோகனப்பிரியாவின் பொறுப்பு. பத்து வருடம் உழைத்தவன் இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்கிறேனே என்று கிருபாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எல்லோரும் மேசையைத் துடைக்க, மோகனப்பிரியா சர்வரில் தன் வேலை ஃபைல்களையும், பிளாப்பிக்கு எழுதிய ஃபைல் உட்பட, சேர்த்துத் துடைத்துவிட்டாள். "சுத்தமாயிருச்சுங்க சார்," என்று சொல்லவும் செய்தாள். அப்படியானால் மிஞ்சியது அந்த ஒரு பிளாப்பிதான் என்று கணக்குப் போட்டார் கிருபா.

மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வருடா வருடம் கிருபாவின் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்து வந்தவர், அந்தப் பிளாப்பிக்கு மட்டும் தகரமூடி மேலேயே, உள்ளே கசிகிற மாதிரி, சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்து அப்பினார். சாமி காரியத்தை யார் குற்றம் சொல்ல முடியும்?

மறுநாள் புது லேபில் கல்லூரி முதல்வர் முன்னால் பிளாப்பி கரகரவென்று கத்திவிட்டு நின்றுபோனது. கிருபாவுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.  மோகனப்பிரியா சர்வர் முன்னால் உட்கார்ந்து, பூஜைக்கு முந்தின தேதியைத் திறந்தாள். துடைத்த ஃபைல் அலுங்காமல் அங்கே இருந்தது. புதுப் பிளாப்பியில் எழுதிச் செருகினாள். மெஷின்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே லினக்ஸ் ஏற்றிக்கொண்டன. புது லேப் அவளுக்கு என்று அழகிரிசாமி அங்கேயே அறிவித்தார்.

"எல்லாம் கிருபா சார் கை ராசிங்க," என்றாள் மோகனப்பிரியா. "மெஷினுக்கெல்லாம் ஒரு பொட்டுத்தான் வெச்சாருங்க. என்ற பிளாப்பிக்கு மட்டும் மனசு நெறஞ்சு அள்ளி வெச்சாரு. அது கெட்டாலும் காரியம் கெடலீங்க பாருங்க."

"பெரிய மனசு கிருபா உங்களுக்கு," என்று முதல்வர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை வருடத்தில் அவருக்காக யாரும் கை தட்டியதில்லை. கிருபா அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் துளி கள்ளமில்லை. லேபை அவள் கொண்டுபோனதைவிட அந்தக் கள்ளமில்லாத மனசு மேல்தான் அவருக்குப் பொறாமை தாங்கவில்லை.