கை நனைக்கப் போன மோகனசுந்தரம்

கொழிஞ்சாம்பாறையில் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் மோகனசுந்தரத்தின் தலை தெரிந்தால் அதிகாரி டீ குடிக்க எழுந்து போய்விடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவ்வளவு கேள்வி கேட்பார் மனிதர். இந்த விதை ஏன் கறுப்பாக இருக்கிறது, இதை எந்த மண்ணில் போட்டுப் பார்த்தீர்கள், மழை பிந்தினால் என்ன ஆகும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். நாலு ஏக்கர் தென்னையும், மீதி இடத்தில் கடலையும் காய்கறியும் வைத்திருக்கிற சம்சாரிக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டால், தெரிந்துகொள்ளத்தான் என்பார்.

புது உரம் வந்தால் தோட்டம் முழுக்கப் போட மாட்டார். ஒரு பாத்திக்குப் போட்டுவிட்டுப் பக்கத்துப் பாத்தியைச் சும்மா விடுவார். இரண்டுக்கும் ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே வெயில். உரம் மட்டும்தான் வேறு. விளைந்ததைத் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்த பிறகுதான் பேசுவார். ஒரே பாத்தியில் ஒரே நாளில் இரண்டு மருந்தை அடித்துவிட்டு, இதுதான் கேட்டது என்று சொல்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. இத்தனையும் தெரிந்த மனிதர் தன் வயிற்றில் அதே தப்பைச் செய்தார். படித்துப் படித்துச் சொன்னவர் பள்ளத்தில் விழுந்தால் ஊர் விடுமா? இன்னமும் சொல்லிச் சிரிக்கிறது.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவருக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, அதுவும் ரத்தத்தோடு. கோயமுத்தூரில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பெருங்குடலின் உள்சுவர் முழுக்க அழற்சி, புண் என்றார். இது கிருமியால் வந்ததில்லை, யாருக்கும் ஒட்டாது, வீட்டுக் காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரனையே கடிக்கிற மாதிரி உடம்பின் காவல் குடலைக் கடிக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். அடங்கும், திரும்ப ஏறும், முழுசாகப் போகாது. நன்றாக இருக்கும் நாட்களிலும் மாத்திரையை விடக்கூடாது. மோகனசுந்தரம் அன்றைக்கு டாக்டரிடம் முப்பது கேள்வி கேட்டார். வெளியே காத்திருந்த நோயாளிகள் கதவைத் தட்டிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தால் ஊரே வைத்தியர். ரத்தம் போகிறதா, அப்படியானால் சூடு என்று தீர்ப்பாகிவிட்டது. சூடு என்றால் தக்காளி ஆகாது, முட்டை ஆகாது, கோழி ஆகவே ஆகாது. பங்காளி ஒருவர் கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார். பால் ஊற்றுகிற பெண்மணி உருளைக்கிழங்கு வாயு என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒவ்வொன்றாக விட்டு விட்டு, கடைசியில் எல்லாரும் ஒரே குரலில் நல்லது என்று சொன்ன கம்பங்கூழில் வந்து நின்றார். மோரை ஊற்றி, சின்ன வெங்காயத்தைப் பச்சையாகக் கடித்துக்கொண்டு இரண்டு வேளை அதுதான். கூழ் ஆரம்பித்த அதே திங்கட்கிழமை மாத்திரையையும் நிறுத்தினார். மாத்திரையும் சூடாம்.

இரண்டு மாதம் வயிறு அடங்கித்தான் இருந்தது. மோகனசுந்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, வெள்ளைச் சோறுதான் எல்லா நோய்க்கும் காரணம் என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். மூன்றாம் மாதம் நோய் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் போட்டு, பதினான்கு கிலோ எடையைக் கொண்டு போயிற்று. மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டார். கூழ் ஆரம்பித்த அன்றைக்கு என்று சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. ஒரே பாத்தி, ஒரே நாள், இரண்டு மாற்றம். முதல் இரண்டு மாதம் உடம்பைக் காப்பாற்றியது உள்ளே மிச்சமிருந்த மாத்திரையின் பலன். புகழ் மட்டும் கூழுக்குப் போயிருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வலியைவிட அந்த வெட்கம்தான் அதிகம் என்று பின்னால் மனைவி மயிலாத்தாளிடம் சொன்னார்.

உணவு ஆலோசனை சொல்கிற மலையாளிப் பெண் ஒருத்தி படுக்கைக்கு வந்து, அவர் விட்ட பண்டங்களின் பட்டியலைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பாதி மெலிவு நோயால், பாதி உங்கள் பத்தியத்தால் என்றாள். புண் இருக்கும்போது குடலுக்குத் தேவை நார் குறைந்த, குழைந்த, பலம் கொடுக்கிற சாப்பாடு. கம்பும் பச்சை வெங்காயமும் நல்ல பண்டங்கள்தான், ஆனால் புண் மேல் தேய்க்கிற துடைப்பம் அவை. புண் ஆறியபின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது, நீங்களே எழுதி வைத்துக் கண்டுபிடியுங்கள் என்றும் சொன்னாள். இந்த ஒரு வாக்கியம் போதாதா அவருக்கு?

வீட்டுக்கு வந்ததும் ஆராய்ச்சி தொடங்கியது. மாத்திரையில் கை வைப்பதில்லை. மற்றச் சாப்பாடு மாறாது. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு புதுப் பண்டம். முதலில் முட்டை, வேகவைத்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் தோலும் விதையும் எடுத்த தக்காளி. அதுவும் நிரபராதி. பாவம், ஒன்றரை வருஷம் குற்றமில்லாமல் சிறையில் கிடந்தது. நேந்திரம்பழத்தை அவித்துத் தின்றால் வயிறு குழந்தை மாதிரித் தூங்கியது. இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகையும் நல்லது. பால்தான் முதல் குற்றவாளி, அரை டம்ளர் போதும். தயிர் கொஞ்சம் தப்பித்தது. கொள்ளுப் பயறைப் பற்றி எழுதிய பக்கத்தைப் படிக்காமல் இருப்பதே மேல். மயிலாத்தாளுக்குத்தான் வேலை இரட்டிப்பு. கல்யாணமாகி வரும்போது ஒரு வயிற்றுக்குச் சமைத்தேன், இப்போது பாத்தி பாத்தியாகப் பிரித்து வைத்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவாள். ஆனாலும் எந்த வாரம் எதற்கு என்று அவளிடம் கேட்டால் நோட்டைப் பார்க்காமல் சொல்லுவாள். ஒன்பது கிலோ திரும்பி வந்ததில் பாதிப் பங்கு அவளுடையது.

இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். செல்வப்பிரியா கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்க்கிறாள். அந்தப் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் ஒரு வழக்கம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனால், சம்பந்தம் பிடித்திருந்தால்தான் அங்கே கை நனைப்பார்கள், அதாவது இலை போட்டுச் சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லி யாரும் யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், சாப்பிட முடியாத மனிதர் ஒருவர் இல்லாதவரை.

தை மாதம் சித்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு மோகனசுந்தரத்துக்கு வயிறு சரியில்லை. நோயைச் சொல்லாதீர்கள், பரம்பரை வியாதி என்று பெண்ணை ஒதுக்கிவிடுவார்கள் என்று மயிலாத்தாள் கட்டளை. அவர் இரண்டு வாய் அளைந்துவிட்டு இலையை மூடினார். அந்த வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கியது. பெண் வீட்டுக்கு இஷ்டமில்லை போல என்று சாயங்காலமே செய்தி வந்துவிட்டது. இல்லை, இஷ்டம்தான் என்று திரும்பச் சொல்லியனுப்ப வழியில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பார்களே.

ஆவணியில் அடுத்த வரன் வந்தது. மீனாட்சிபுரத்துக்கு அருகே தோட்டம், அப்பா சென்னியப்பன், அம்மா பூவாத்தாள், ஒரே பையன். பையனும் கஞ்சிக்கோட்டில்தான் வேலை. அவனும் செல்வப்பிரியாவும் பார்த்துப் பேசியிருந்தார்கள். கிளம்புகிற காலையில் செல்வப்பிரியா அப்பாவின் மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

"சாப்புட்டுப்போட்டே வாங்கப்பா" என்றாள்.

எனக்குச் சம்மதம் என்று ஒரு பெண் அந்த ஊரில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மோகனசுந்தரத்துக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் நோய் மறுபடி ஏறி, புது மருந்தில் இப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சமயத்தில் வேண்டாதது ஒன்று உள்ளே போனால் மறுபடி ஆஸ்பத்திரிதான். சாப்பிட்டால் வயிறு போகும், சாப்பிடாவிட்டால் சம்பந்தம் போகும், காரணத்தைச் சொன்னாலும் சம்பந்தம் போகும். பல்வலி என்று சொல்லிவிடலாம் என்று வண்டியில் மயிலாத்தாள் யோசனை சொன்னாள். பல்வலி என்றால் பால்சோறு பிசைந்து கொடுப்பார்கள் என்றார் அவர். அமாவாசை விரதம் என்று சொல்லலாமா என்று பார்த்தாள். அந்த வீட்டிலும் காலண்டர் இருக்கும் என்று அதையும் விட்டுவிட்டாள்.

வீட்டைப் பார்த்தார்கள், தோட்டத்தைப் பார்த்தார்கள். கிணற்றடியில் மோகனசுந்தரம் சென்னியப்பனிடம் தென்னைக்கு எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் கேட்டார். சென்னியப்பனும் சளைக்காமல் பதில் சொன்னார். மனிதர்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. அதற்குள் உள்ளே இலை போட்டாகிவிட்டது. தட்டைப்பயறுக் குழம்பு, கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரை, எண்ணெயில் பொரித்த கச்சாயம், நெய் வழிகிற ஒப்புட்டுப் போளி, பால் பாயசம். பூவாத்தாள் முந்தின நாளிலிருந்தே வேலை செய்திருக்கிறாள் என்று இலையைப் பார்த்தாலே தெரிந்தது. மோகனசுந்தரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆகாது என்று நோட்டில் சிவப்பு மையில் இருப்பதெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தது.

வெறும் சோற்றில் இரண்டு வாய் எடுத்தார். அதுவும் குழையாமல் விரை விரையாக இருந்தது. ரசத்தில் மிளகும் மல்லியும் மிதந்தன. கை இலை மேலேயே நின்றுவிட்டது. பூவாத்தாள் ஒப்புட்டின் மேல் இன்னும் கொஞ்சம் நெய் ஊற்ற வந்தாள், அவர் கையைப் பார்த்தாள், ஊற்றாமல் நின்றாள்.

"ஏனுங்ண்ணா, எங்க ஊடு உங்களுக்குப் புடிக்கலீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மயிலாத்தாள் பல்லு என்று ஆரம்பித்தாள். மோகனசுந்தரம் அவளை முடிக்க விடவில்லை. இந்த அம்மா முகத்துக்கு நேரே பொய் சொல்லி மகளை இங்கே அனுப்பினால், நாளைக்கு அந்தப் பொய்யையும் சேர்த்து மகள்தானே சுமக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பயமாகத்தான் இருந்தது.

"ஊடு ரொம்பப் புடிச்சிருக்குதுங்கம்மிணி. எனக்குக் குடல்ல புண்ணுங்க. நாலு வருசமாச்சு. இதெல்லாம் தின்னா நாளைக்கு ஆஸ்பத்திரீல கெடக்கோணும்."

மயிலாத்தாள் குனிந்துகொண்டாள். சென்னியப்பன் செருமினார். பூவாத்தாள் நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளும் கேள்வி கேட்கிற ஜாதிதான் போலிருக்கிறது. ஒட்டுமா என்று கேட்டாள். ஒட்டாது என்றார். மருந்து உண்டா என்றாள். சாகிற வரைக்கும் உண்டு என்றார், நடுவில் நிறுத்திப் பட்ட பாட்டையும் ஒளிக்காமல் சொன்னார். எது ஆகும், எது ஆகாது, கீரை எப்போதுமே கூடாதா, புண் ஆறினால் சேருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில், எல்லாரும் எதற்குக் காத்திருந்தார்களோ அதைக் கேட்டாள்.

"பொண்ணுக்கு வருமுங்களா?"

"வராதுன்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. மத்தவிகளவிட எங்களாட்ட ஊட்டுல கொஞ்சம் ஜாஸ்தியாம். ஆனா முக்காவாசிப் பேருக்கு வாரதில்லீன்னு டாக்டர் சொல்றாருங்க."

பூவாத்தாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பன் இலையைப் பார்த்தார்.

"எங்க பையனுக்குச் சக்கரை வராதுன்னு நானும் சத்தியம் பண்ண முடியாதுங்ண்ணா. இவிகளுக்கு நாப்பதுலயே வந்துருச்சு. நாங்களும்தான் உங்ககிட்டச் சொல்லுல" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது. கூடத்தில் ஆண்கள் இருவரும் சம்பந்தமில்லாமல் மழையைப் பற்றிப் பேசினார்கள். மயிலாத்தாள் எழுந்து போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோகனசுந்தரத்துக்கு அது என்ன பதில் என்றே விளங்கவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பூவாத்தாள் ஒரு கிண்ணத்தில் குழைய வடித்த சோறும், துணியில் வடிகட்டிய ரசமும், அவித்த முட்டை ஒன்றும் கொண்டுவந்து புது இலையில் வைத்தாள். அவர் பிசைந்து சாப்பிட்டார். முதல் வாய் இறங்கும்வரை அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகூர்த்தத்தன்னிக்கு உங்களுக்குன்னு என்ன ஆக்கோணும்னு இப்பவே சொல்லிப்போடுங்ண்ணா. சமையக்காரங்கிட்ட நான்தான் சொல்லோணும்" என்றாள்.

சோற்றைப் பற்றி ஒரு பொழுது முழுக்கப் பேசக்கூடிய மனிதர் அன்றைக்குப் பட்டியல் எதையும் நீட்டவில்லை. கண்ணில் நீர் வந்ததை மறைக்கவும் இல்லை.

"இதே போதுமுங்கம்மிணி" என்றார். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.